அங்கே மீன் இல்லை

“கையை எடு. மறைக்குது” என்றார் கிழவர் ஐவர்.

ஈரப் பஞ்சால் அப்பாவின் உதடுகளை நனைத்துக்கொண்டிருந்த ஆர்டிஸ் கையை விலக்கிக்கொண்டாள். உடனே அவர் பார்வை ஜன்னலுக்குப் போய் அங்கேயே நின்றது. கண்கள் மட்டும்தான் அவரிடம் பழையபடி இருந்தன. மற்றதெல்லாம் குளிர்காலத்தோடு கரைந்துபோய்விட்டது. போர்வைக்குக் கீழே ஓர் ஆள் படுத்திருக்கிறார் என்று சொன்னால்தான் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே, கனடா எல்லையாக ஓடும் ரெய்னி ஆறு கலங்கி, அகன்று, மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பனிக்கட்டி உடைந்து போன கையோடு தண்ணீர் ஏறியிருந்தது. எங்கிருந்தோ பிடுங்கிக்கொண்டு வந்த மரக்கிளைகளும், மிச்சமிருந்த அழுக்குக் கட்டிகளும் நடுவில் மிதந்து சென்றன. மேலே ஓடை வந்து சேரும் இடத்தில் படகுகள் நெருக்கியடித்து நின்றன. மீன்பிடிக் காலம் முடிய இன்னும் சில நாட்களே இருந்ததால் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்திருந்தார்கள். வீட்டுக்கு நேர் எதிரே மட்டும் ஒற்றைப் பச்சைப் படகு, கூட்டத்தோடு சேராமல்.

“அந்த மடையன் இன்னும் அங்கேயேதான் நிக்கறானா?”

“நிக்கறான்பா.”

“வந்ததுலேருந்து அதே இடம். அடியில வெறும் மணல். தண்ணி வழிச்சுக்கிட்டு ஓடுது. அங்க எந்த வால்ஐ மீன் வந்து நிக்கும்? மீனுக்கு என்ன பைத்தியமா?” மூச்சு வாங்கியது. மூக்கில் மாட்டியிருந்த குழாயைச் சரிசெய்யப் போனவளின் கையைத் தட்டிவிட்டார். “ஓடை வாய்க்குப் போகச் சொல்லு. ஓடுற தண்ணியும் நிக்கற தண்ணியும் சேர்ற கோட்டுல போடணும். இது கூடத் தெரியாம...”

அந்த மடையன் அவருடைய மகன். ஆர்டிஸின் தம்பி லோவெல்.

அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதை நிறுத்தியது அம்மாவின் அடக்கத்தன்று. கடைசிக் காலத்தில் அம்மா செல்மா ஊருக்குள் இருந்த முதியோர் இல்லத்தில், தான் யார் என்பதே தெரியாமல் கிடந்தாள். அவள் போனதும் இதே போல ஒரு வசந்தத்தில்தான். ஐவர் அன்று ஆற்றில் இருந்தார். அவள் நிலைமை மோசம் என்று காலையிலேயே தகவல் வந்தும் ஆற்றுக்குப் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஆர்டிஸ் மட்டும்தான். சாயங்காலம் அவர் வந்து சேர்ந்தபோது பூட்ஸில் சேறு காய்ந்திருந்தது. அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லோவெல் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றான். “அம்மா சாகும்போது நீங்க எங்க இருந்தீங்கன்னு இவங்களுக்கெல்லாம் சொல்லுங்கப்பா” என்றான். ஊரே கரண்டியைக் கீழே வைத்தது. ஐவர் காப்பியைக் கடைசிவரை குடித்து முடித்தார். “இனிமே என் வீட்டு வாசல்ல காலை வைக்காதே” என்றார்.

இருவருமே சொன்ன சொல் தவறாத ஆட்கள். குடும்பத்துக்கே அது ஒரு பெருமை.

இப்போது லோவெல் இந்த வாரத் தொடக்கத்தில் படகை இழுத்துக்கொண்டு டுலூத் நகரத்திலிருந்து வந்திருந்தான். ஊரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தான். காலையில் படகை இறக்கி நேரே இந்த ஜன்னலுக்கு எதிரே வந்து நங்கூரம் போடுவான். இருட்டும்போது போய்விடுவான். ஒரு தடவைகூடத் தூண்டில் வளைந்து ஆர்டிஸ் பார்க்கவில்லை.

நர்ஸ் ஜோலீன் வந்தபோது வெளியே அதிசயமாக வெயில் அடித்தது. தெற்கிலிருந்து இளஞ்சூடாகக் காற்று. படகுகளில் ஆட்கள் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜோலீன் போர்வையை விலக்கி ஐவரின் பாதங்களைப் பார்த்தாள். முழங்கால் வரை நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. மெதுவாக மூடிவிட்டு ஆர்டிஸைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

“இன்னிக்குத் தாண்டறது கஷ்டம், ஆர்டிஸ். நாக்குக்கு அடியில அந்த மருந்தை விட்டுக்கிட்டே இருங்க. மூச்சு விட்டு விட்டு வரும், பயப்படாதீங்க. கூப்பிட வேண்டியவங்க யாராவது இருந்தா கூப்பிட்டுடுங்க.”

ஆர்டிஸ் சமையலறை ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தாள். “கூப்பிடற தூரத்துலதான் இருக்கான்” என்றாள்.

ஜோலீனுக்கும் கதை தெரியும். தெரியாதவர்கள் அந்த ஊரில் இல்லை. அவள் ஆர்டிஸின் தோளைத் தொட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ஆர்டிஸ் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கரைக்கு இறங்கினாள். சேறு கணுக்கால் வரை இழுத்தது. தண்ணீர் ஓரத்தில் நின்று இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

“டேய் லோவெல்!”

“கத்தாதே. இங்க நல்லா கேக்குது.” அவன் குரல் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது, பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல.

“ஜோலீன் வந்துட்டுப் போனா. இன்னிக்குத் தாண்டாதாம்.”

லோவெல் நிதானமாகத் தூண்டிலைச் சுற்றி இழுத்தான். கொக்கியில் கோத்த சின்ன மீன் முழுசாக அப்படியே இருந்தது.

“அவர் கூப்பிட்டாரா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வீட்டில் யாரும் பொய் சொல்லிப் பழகவில்லை.

“கூப்பிடலை. நீ வாயேன். யாரு கூப்பிட்டா என்ன?”

“வாசல்ல கால் வைக்காதேன்னு சொன்னது அவர். நீயில்லை.”

“உன்னை ஓடை வாய்க்குப் போகச் சொல்றார். அங்க மீன் இல்லையாம்.”

லோவெல் சிரித்தானா, தொண்டையைச் செருமினானா, தெரியவில்லை. “அக்கா, இங்க மீன் இல்லைன்னு எனக்குத் தெரியாதா?”

அவன் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வீட்டைப் பார்த்தான்.

“கண்ணாடியில வெயில் அடிக்குது. உள்ள ஒண்ணுமே தெரியலை. கட்டிலை எப்படிப் போட்டிருக்கே?”

“ஜன்னலைப் பார்த்துதான்.”

“தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி வை” என்றான். மறுபடியும் தூண்டிலை வீசினான்.

அவள் மேலே ஏறி வந்தாள். கைகழுவி, கட்டிலின் பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். ஐவர் வலியில் பல்லைக் கடித்தார். ஆனால் போதும் என்று சொல்லவில்லை.

“என்ன சொன்னான்?”

“அங்க மீன் இல்லைன்னு அவனுக்கும் தெரியுமாம்.”

ஐவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆக்சிஜன் இயந்திரம் மூலையில் பூனை போல உறுமிக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஆர்டிஸ் எழப் போனபோது, “அந்தப் படகு நான் வாங்கிக் கொடுத்தது” என்றார். “அவனுக்கு வேலை கிடைச்சப்போ.”

“தெரியும்பா.”

“மோட்டார் பக்கம் தாழ்ந்த படகு. அன்னிக்கே கடைக்காரன்கிட்ட சொன்னேன்.” கண்ணை மேற்குப் பக்கம் திருப்பினார். அங்கே, கனடா கரையின் மரங்களுக்கு மேலே, பென்சிலால் தீற்றியது போல ஒரு கறுப்புக் கோடு. “காத்து திரும்பும். மேற்கேருந்து வந்தா ஓட்டத்துக்கு எதிரா அடிக்கும். அலை எழும்பிப் பின்பக்கமா ஏறும். அவன்கிட்ட சொன்னியா?”

“அவனுக்குத் தெரியாதாப்பா?”

“தெரியும். தெரிஞ்சும் நிப்பான். அவங்கம்மா மாதிரி.”

அம்மாவைப் பற்றி அவர் பேசி ஆர்டிஸ் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. அவள் காத்திருந்தாள். அவர் அதற்கு மேல் போகவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் காற்று அடங்கியது. கொஞ்ச நேரம் ஆறு எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. பிறகு வீட்டின் மேற்குச் சுவரில் யாரோ தோளால் மோதியது போல ஒரு அடி. கூரைத் தகரம் படபடத்தது. வெயில் போன இடம் தெரியவில்லை. முதலில் மழை, மழையோடு ஆலங்கட்டி, பிறகு எல்லாம் வெள்ளையாகிச் சாய்வாகப் பறந்தன. ஓடை வாயிலிருந்த படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக மோட்டாரை அலறவிட்டுத் துறைக்குப் பறந்தன. முகத்தைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு குனிந்திருந்தவர்களில் ஒருவன் போகிற போக்கில் லோவெலைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டான். லோவெல் பதிலுக்குக் கையைத் தூக்கினான். அவ்வளவுதான். நங்கூரத்தை எடுக்கவில்லை.

“போயிட்டானா?”

“இன்னும் இல்லை.”

ஐவரின் மூச்சு இப்போது மாறியிருந்தது. நாலைந்து தடவை வேகவேகமாக இழுப்பார். பிறகு ஒன்றுமே இருக்காது. ஆர்டிஸ் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். பிறகு எங்கோ அடியிலிருந்து மறுபடி தொடங்கும். அந்தப் பழுப்புத் தண்ணீரில் வெள்ளை நுரை மடிந்து மடிந்து பச்சைப் படகின் பின்பக்கத்தில் உடைவதை இருவரும் பார்த்தார்கள். லோவெல் ஒரு டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான்.

“போய்ச் சொல்லு” என்றார் ஐவர். “கரைக்குப் போகச் சொல்லு.”

ஆர்டிஸ் எழுந்தாள். கதவு வரை போனாள். பின்னால் மூச்சு நின்றது. திரும்பி வந்து கையைப் பிடித்ததும் மறுபடி வந்தது. இறங்கிப் போய் ஏறி வருவதற்குள் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தனியாக விட்டுப் போக முடியாது. அங்கே அவனையும் அப்படியே விட முடியாது. போனை எடுத்து லோவெலுக்கு அடித்தாள்.

அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் படகையே பனி மறைத்துவிட்டது. ஜன்னலில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. போனில் மணி நின்று குரல் வந்தது.

“லோவெல் பேசறேன். இப்போ எடுக்க முடியலை...”

ஐவரின் தலை போனின் பக்கம் திரும்பியது. கண்கள் அகன்றன. அத்தனை வருஷங்களுக்குப் பிறகு மகனின் குரலை அவர் இப்போதுதான் கேட்கிறார். அது பதிவு செய்த குரல் என்று சொல்ல ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. போனை அவர் வாயருகே கொண்டுபோனாள். அதில் ஒரு சின்ன ஓசை கேட்டது.

“லோவெல்” என்றார் ஐவர். நிறுத்தினார். மூச்சைத் தேடினார். “காத்து திரும்பிடுச்சு. கயிறை... கயிறை அறுத்து விடு. நங்கூரம் போனாப் போவுது. வேற வாங்கிக்கலாம்.” நீண்ட இடைவெளி. பதிலுக்காக அவர் காத்திருப்பது ஆர்டிஸுக்குப் புரிந்தது. “கேக்குதா? மேலே வா. மேலே வாடா.”

போன் தானாகவே துண்டித்துக்கொண்டது.

“என்ன சொல்றான்?” என்று கேட்டார்.

“சரின்னு சொன்னான்பா.”

“போறானா?”

ஜன்னலில் எதுவும் தெரியவில்லை. தெரிகிற மாதிரி அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். “போறான்பா. கயிறை அறுத்துட்டான். கரைக்குப் போறான்.”

ஐவர் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாக்குக்கு அடியில் மருந்தை விட்டாள். அது வாயோரமாக வழிந்தது. மறுபடி மூச்சு நின்றபோது அவள் வழக்கம்போலக் காத்திருந்தாள். சுவரில் காற்று மோதியது, ஓய்ந்தது, மோதியது. கையிலிருந்த விரல்கள் பாரமாயின. இன்னும் காத்திருந்தாள். பிறகுதான் தான் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை, ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது.

இமைகளை மூடிவிட்டாள். இயந்திரத்தை நிறுத்தினாள். அந்த உறுமல் நின்றதும் வீடு பயங்கரமாகப் பெரிதாகிவிட்டது.

ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். “ஆத்துல என் தம்பி இருக்கான்” என்றுதான் முதலில் வந்தது. “எங்க வீட்டுக்கு எதிரே. பச்சைப் படகு. ஒண்ணும் தெரியலை. என் அப்பா செத்துப் போயிட்டார். இல்லை, அதுக்காக இல்லை. தம்பிக்காக ஆளை அனுப்புங்க.” எதிர்முனைப் பெண் எதை எழுதிக்கொள்வது என்று தெரியாமல் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆர்டிஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்கதவை யாரோ முட்டினார்கள்.

லோவெல் நின்றிருந்தான். மார்புவரை நனைந்து, புருவமெல்லாம் பனி. தொப்பி இல்லை. வலது கை மணிக்கட்டில் ஏதோ கிழித்து ரத்தம் வழிந்து உறைந்திருந்தது. பற்கள் அடித்துக்கொள்வது கேட்டது.

“வேண்டாம், வந்துட்டான்” என்று சொல்லி ஆர்டிஸ் போனை வைத்தாள்.

“பின்பக்கம் முழுக்கத் தண்ணி ஏறிடுச்சு” என்றான். “மோட்டார் நின்னு போச்சு. கயிறை அறுத்துட்டேன். கீழே வளைவுல கொண்டுபோய்த் தள்ளிடுச்சு. நடந்து வந்தேன்.” அவள் முகத்தைப் பார்த்தான். “எப்போ?”

“இப்பதான்.”

தலையை ஆட்டிக்கொண்டான். ஆனால் நகரவில்லை. படிக்கு வெளியே, பனியில், பூட்ஸ் நுனி நிலைக்கு இந்தப் பக்கம் வராதபடி பார்த்து நின்றான். அதைப் பார்த்ததும்தான் ஆர்டிஸுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னும் என்னடா? அந்த மனுஷன் செத்துப் போயிட்டார். இனிமே இந்த வாசல் என்னுது. நான் சொல்றேன், உள்ளே வா!”

அவன் வந்தான். அம்மா இருந்தபோது செய்வது போலவே கதவோரம் பூட்ஸைக் கழற்றிச் சேர்த்து வைத்தான். அவள் துண்டைத் தூக்கி அவன் மேல் எறிந்தாள். அடுப்பில் கெட்டிலை வைத்தாள்.

“அம்மாவுக்கும் நான்தான் உக்காந்திருந்தேன். இவருக்கும் நான்தான். உங்க ரெண்டு பேருக்கும் ஆறு இருந்துச்சு” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

திரும்பியபோது அவன் அங்கே இல்லை.

அவள் அப்பாவின் அறைக்குப் போனபோது அவன் கட்டிலுக்குப் பக்கத்தில், அவள் இத்தனை மாதமாக உட்கார்ந்த நாற்காலியில், துண்டைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பனி விலகத் தொடங்கியிருந்தது. தண்ணீர் தெரிந்தது. அங்கே எதுவும் இல்லை.

“இங்கேருந்து இவ்வளவு கிட்டவா தெரியுது?” என்றான்.

“ம்.”

“நான் தண்ணி குடிச்சா கூடத் தெரிஞ்சிருக்கும்.”

“தெரிஞ்சுது. நீ சாப்பிடவேயில்லைன்னு நேத்து திட்டினார்.”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“உனக்குப் போன் பண்ணினேன்” என்றாள் ஆர்டிஸ்.

“அடிக்கறது கேட்டுச்சு. ஒரு கையில கயிறு, ஒரு கையில டப்பா. எடுக்க முடியலை.”

“உன் குரல் வந்துச்சு. நீதான்னு நினைச்சு அவர் பேசினார். அதுல இருக்கும்.”

லோவெலின் கை மார்புப் பைக்குப் போனது. உள்ளே போன் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. ஈரத் துணியின் மேலேயே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

“என்ன சொன்னார்?”

“நங்கூரத்தை அறுத்து விடச் சொன்னார்.”

“அப்புறம்?”

“நீயே கேட்டுக்கோ” என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. அந்த இரண்டு வார்த்தையை அவள் வாயால் சொன்னால் வேறாகிவிடும் போலிருந்தது.

ஜோலீன் திரும்பி வந்து செய்ய வேண்டியதைச் செய்தாள். லோவெலின் மணிக்கட்டில் கட்டுப் போட்டாள். ஆர்டிஸ் அப்பாவின் கம்பளிச் சட்டை ஒன்றையும் பேண்ட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் மறுக்கவில்லை. சட்டை தோளில் சரியாக இருந்தது. கை மட்டும் கொஞ்சம் குட்டை. மார்புப் பைக்குப் போனை மாற்றிக்கொண்டான்.

அடக்க ஏற்பாடு செய்பவர் போனில் கூப்பிட்டார். சாலையில் பனியைத் தள்ளி வழி பண்ணிவிட்டார்கள், சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறோம், வாசலிலிருந்து வண்டி வரை பாதை இருக்குமா என்று கேட்டார். ஆர்டிஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். முழங்கால் வரைக்கும் பனி குவிந்து கிடந்தது. “இருக்கும்” என்று லோவெல் சொன்னான், அவளை முந்திக்கொண்டு.

கொட்டகையிலிருந்து பனி அள்ளும் மண்வாரியை எடுத்து முன்வாசலில் தொடங்கினான். ஈரப் பனி, கல் மாதிரி கனத்தது. இரண்டு ஆள் இருபுறமும் நடக்கிற அகலத்துக்கு, கீழே புல் தெரிகிற வரை வழித்தான். வண்டி வந்தது. கறுப்புக் கோட்டு போட்ட இரண்டு பேர் ஐவரைச் சுமந்துகொண்டு அந்தப் பாதையில் ஓரடி கூட வழுக்காமல் போனார்கள். அவர்களில் ஒருவர் லோவெலுக்குக் கைகொடுத்தார். ஆர்டிஸுக்கும் கொடுத்தார். “நல்ல மனுஷன்” என்றார். எல்லோருக்கும் சொல்வதுதான்.

வண்டி சாலைக்குத் திரும்பி மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. காற்று சுத்தமாக ஓய்ந்திருந்தது. மேற்கே மேகம் பிளந்து, சாய்ந்த வெயில் வந்து பனிமேல் விழுந்ததில் கண் கூசியது. கூரை விளிம்பிலிருந்து அதற்குள் சொட்டத் தொடங்கிவிட்டது. ஏப்ரல் வெயிலுக்கு முன்னால் இந்தப் பனி எத்தனை நேரம் நிற்கும்? நாளைக்கு மதியத்துக்குள் எல்லாம் தானாகவே ஓடிப் போய்விடும்.

ஆர்டிஸ் இரண்டு காப்பியை எடுத்துக்கொண்டு படியில் வந்து நின்றாள். லோவெல் வண்டி நின்ற இடத்தையும் தாண்டிப் போயிருந்தான். தபால் பெட்டி வரை வழித்துவிட்டு, அங்கிருந்து திரும்பி, யாரும் நடக்காத வேலியோரமாக வழித்துக்கொண்டு போனான். குனிந்து, குத்தி, தூக்கி, எறிந்து. அப்பாவின் சட்டை முதுகில் வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் கூப்பிடவில்லை. ஒரு கோப்பையைப் படியில் வைத்துவிட்டு, தன்னுடையதைக் குடிக்க ஆரம்பித்தாள்.